ஏழு பிழை

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்கமாட்டார்கள். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மருந்துச்சீட்டு, பேருந்துப் பலகை, கழிவறைக் கதவில் கிறுக்கிய வசை, எதையும் விடமாட்டார்கள். அந்த வார இதழில் அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்பு அறையில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்த ஒற்றக்காவுக்கு இந்த வியாதி முற்றியே போயிருந்தது. "ஒற்று எங்கே, ஒற்று எங்கே" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அலுவலகத்துக்கே அக்கா. ஆனால் வயதில் சின்னவர்கள் யாரையும் தம்பி என்று கூப்பிடமாட்டாள். தேநீர் கொண்டுவருகிறவர்கூட அவளுக்கு 'சார்'தான். ஏனென்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே தம்பி ஆறு வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனவன், போனவன்தான். எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச்சேர்ந்தபோது அவனுக்கு எட்டு, அவளுக்கு இருபத்திரண்டு. தூக்கி வளர்த்தவள் அவள். அவன் போனதிலிருந்து அவள் மனதில் ஓடியது ஒரே கேள்வி: அவன் திரும்பி வருவானா?

அன்று புதன்கிழமை. வீடியோ கேம் பக்கம் மேசைக்கு வந்தது. அதை எழுதுகிறவருக்குக் காதில் எந்நேரமும் ஹெட்போன் இருக்கும், அதனால் ஹெட்போன்காரர். இந்த வாரம் 'மாடி வீடு' என்று ஒரு திகில் கேமுக்கு விமர்சனம். பேய் பாயாது, ரத்தம் கிடையாது. பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் எட்டு வயதுப் பையனின் கண்ணாலேயே நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம், மனதைத்தான் அது பயமுறுத்துகிறது என்று எழுதியிருந்தார். வாசல் சுவரில் பையன் கரித்துண்டால் எழுதி வைத்திருப்பானாம்: 'அக்கா வறுவாள்'.

ஒற்றக்கா 'ச்சு' கொட்டினாள். பெரிய ற-வை வெட்டிச் சின்ன ர போட்டு, ஓரத்தில் 'அக்கா என்ன கடலையா வறுக்கிறாள்?' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் ஹெட்போன்காரர் தாளும் கையுமாக ஓடிவந்தார்.

"அக்கா, குடியைக் கெடுத்தீங்களே! அது என் தப்பு இல்ல. கேம்லயே அப்படித்தான் இருக்கு."

"இருந்தா என்ன சார்? தப்பு தப்புதானே?"

"என் விமர்சனமே அந்த ஒத்தை எழுத்து மேலதான் நிக்குது! ஊர் உலகமே இதை வெச்சு அடிச்சுக்குது. இதக் கேளுங்க." போனை எடுத்துப் படித்தார். "'அக்கா வரப்போவதில்லை, வறுக்கப்போகிறாள். ஓர் எழுத்தில் இவ்வளவு பயமா!' பத்துக்கு ஒன்பது குடுத்திருக்கார். இன்னொருத்தர் மூணுதான். 'முதல் சுவரிலேயே பிழை. ஒரு பிழை திருத்துநருக்குக்கூட வக்கில்லையா?'ன்னு காறித் துப்பியிருக்கார்."

"இவர் நல்ல மனுஷர்," என்றாள் ஒற்றக்கா.

"இன்னொரு அம்மா எழுதினது இன்னும் மேல. 'இந்த அக்காவைப் போல ஒரு பேயை நான் பார்த்ததில்லை. அடிப்பதில்லை, கத்துவதில்லை. முகமே கிடையாது. பையன் எதை எழுதினாலும் வந்து திருத்துகிறாள். அதிலேயே அவன் செத்துப்போகிறான்.'"

ஒற்றக்காவின் பேனா நின்றது.

"செத்ததும் திரையில சிவப்பு எழுத்துல 'ஏழு பிழை'ன்னு வரும். ஏன் ஏழுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஏழு பிறவின்னு ஒருத்தர், வீட்ல ஏழு அறைன்னு ஒருத்தர். எண்ணிப் பார்த்தா அஞ்சு அறைதான் இருக்கு..."

அவர் பேசிக்கொண்டே போனார். ஒற்றக்காவுக்குக் காது அடைத்துவிட்டது. அட கடவுளே, ஏன் ஏழு என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவள் கைப்பையில் தம்பி ஒரு கடிதம் வைத்திருந்தான். அவள் பார்த்துவைத்த வேலை தனக்கு வேண்டாம் என்றும், இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்றும், வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றும் இரண்டு பக்கம். அலுவலகத்தில் மெய்ப்புகளோடு மெய்ப்பாக அதையும் படித்தாள். கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. எடுத்த கையை என்ன சொல்ல! திருத்தினாள். கடைசியில் 'ஏழு பிழை' என்று எழுதி, சாயங்காலம் அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். பதில் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், பாவி. மறுநாள் அவன் அலமாரி காலி.

வறுவாளும் அவன் பிழைதான். எட்டு வயதில், அவள் வேலை முடிந்து வரும்வரை தனியாகக் காத்திருந்தவன், வாசல் சுவரில் கரியால் எழுதிய முதல் வாக்கியம் அது. 'அக்கா வருவாள்' என்று நூறு முறை எழுத வைத்தாள்.

"சார், அந்த கேமை எனக்குக் காட்டுங்க," என்றாள்.

"நீங்களா? கேமா?" ஹெட்போன்காரர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே போயிருந்தார்கள். ஹெட்போன்காரர் முன்னால் தன் மேசைக்குப் போய்க் கேமை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒற்றக்கா மேசையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனாள். ஒரு பழைய விபத்தில் நொண்டிப்போன இடது காலை அவள் இழுத்துத்தான் நடப்பாள். சரக், டப். சரக், டப். அவர் ஹெட்போனைக் கழற்றினார், காதில் கேட்ட சத்தம் நிற்கவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி அவள் காலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா... அந்தப் பேய் படியேறி வர்ற சத்தம்..."

"எனக்குத் தெரியும். நகருங்க."

உட்கார்ந்தாள். பார்த்ததும் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீடு. கவிழ்த்து வைத்த நீல வாளி. உயரத்தில் தாழ்ப்பாள். கால் குட்டையான முக்காலி, அதன் கீழ் ஆடாமலிருக்க மடித்துச் செருகிய மெய்ப்புத் தாள், அந்தத் தாளில் சிவப்புக் கோடுகூட இருந்தது. எல்லாமே பூதாகாரமாக, எட்டு வயதுக் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில். நான் வளர்த்த பிள்ளைக்கு நான்தான் பேயா? வேளாவேளைக்குச் சோறு போட்டேனே, காய்ச்சல் வந்தால் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தேனே! யாரிடம் போய்ச் சொல்வாள்?

திரையில் பையனின் கைக்கு ஒரு சிவப்புப் பென்சில் வந்தது. எதிரே சுவர், 'அக்கா வறுவாள்'. கீழே படியில் சத்தம் ஆரம்பித்தது. சரக், டப்.

"எல்லாரும் திருத்தித்தான் பார்த்தாங்க," என்றார் ஹெட்போன்காரர் மெல்ல. "திருத்தினா சாவு. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாலும் சாவு. ஓடினாலும் சாவு. வழியே இல்லாத கேம்னு திட்டித் தீர்க்கறாங்க."

அவள் விரல் துடித்தது. பெரிய ற கண்ணை உறுத்தியது. இருபது வருடத்தில் பார்த்த பிழையைப் பார்க்காததுபோல் ஒருநாளும் விட்டதில்லை.

"பென்சிலைக் கீழே போடறது எப்படி?"

அவர் காட்டினார். போட்டாள். முக்காலியை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டு அதில் பையனை உட்காரவைத்தாள். அவன் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான், தினமும், அவள் வரும்வரை.

"உட்காரலாமா? இதை ஒருத்தரும் செஞ்சு பார்க்கலியே!" ஹெட்போன்காரர் வாய் பிளந்தார்.

கதவு திறந்தது. முகமில்லாத அக்கா உள்ளே வந்தாள். சுவரைப் படித்தாள். கையைத் தூக்கினாள். அந்தக் கை சுவருக்குப் போகவில்லை. கீழே இறங்கி, திரை முழுவதையும் மறைத்து, பையனின் தலைமேல் வந்து நின்றது.

'சாப்பிட்டியாடா?' என்று எழுத்து வந்தது.

பிறகு இருட்டு. நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி. 'கடைசிவரை உட்கார்ந்திருந்தவருக்கு: கேமைச் செய்தவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?'

ஒற்றக்கா வாய்விட்டு அழுதாள். ஹெட்போன்காரர் தண்ணீரை நீட்டினார், என்ன செய்வதென்று தெரியாமல் தானே குடித்தார்.

"தம்பி, இதுல தமிழ்ல அடிக்கறது எப்படி?" என்றாள்.

அவர் சொல்லிக்கொடுத்தார். மன்னிப்பு என்று ஆரம்பித்து அழித்தாள். எங்கேடா இருக்கே என்று அடித்து அழித்தாள். எதைத் தட்டினாலும் கண் அதிலும் பிழை தேடியது. கடைசியில் இரண்டே சொல் அடித்தாள், அடித்ததை ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் அனுப்பினாள்:

'அக்கா வறுவாள்'

பிறகு மெய்ப்பு அறைக்குப் போய், விமர்சனத் தாளில் தான் வெட்டிய ற-வுக்கு அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினாள். கடலை பற்றிய கேலியை வெட்டினாள்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. எனக்கு இது வேண்டும், நன்றாக வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹெட்போன்காரர் செருப்புகூட மாட்டாமல் ஓடிவந்து, மூச்சிரைக்கப் போனை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். அவருடைய கேம் கணக்குக்கு, கேமைச் செய்தவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது.

'சின்ன ர போடணும் அக்கா. எப்ப வர்றே?'