அந்தத் தீவில் என் குரல்

கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவு என் வாழ்க்கைக்குள் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன். எனக்கும் கரீபியனுக்கும் என்ன சம்பந்தம்? சிட்னியில், பரமட்டாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தொலைபேசியில் பேசுவது என் வேலை. கூரை பறந்தவர்களும் கார் இடிபட்டவர்களும் என்னிடம்தான் அழுவார்கள்.

எங்கள் மேனேஜர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர்தான். ஒருநாள் எங்களை இருத்திவைத்து, எங்கள் தொலைபேசி வேலை இனி அங்கே போகப்போகிறது என்று திரையில் அந்தத் தீவைக் காட்டினார். முன்பு கரும்பு, இப்போது சுற்றுலா. உல்லாசக் கப்பல் வராத மாதங்களில் இளம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. படித்தவர்கள், நல்ல ஆங்கிலம், பொறுமைசாலிகள். அரசாங்கம் வரிச்சலுகை கொடுக்கிறது. புயல் காலத்துக்கு ஜெனரேட்டர் மட்டும் போதும். நான் பிறந்த இலங்கைத் தீவைப் பற்றியும் எவனோ ஒருவன் எங்கோ இப்படித்தான் படம் காட்டியிருப்பான்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அங்க ஒரு பொண்ணுக்கு நீங்கதான் ட்ரெய்னிங் கொடுக்கணும். அவங்க அப்படியே உங்கள மாதிரி பேசணும். அது நடந்துட்டா இங்க உங்களுக்கு ட்ரெய்னர் வேலை. மத்தவங்களப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது.”

“எனக்கு வேலை போகாதோ?”

“உங்களுக்குப் போகாது.”

“ஓம், அப்ப செய்யிறன்” என்றேன். வேறென்ன சொல்ல? கணவருக்கு முதுகில் ஒப்பரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். என் வேலையில்தான் வீடு ஓடியது.

காலையில் நான் கணினியைத் திறந்தால் அந்தத் தீவுப் பெண்ணுக்கு முதல்நாள் இரவு. எனக்கு இன்று, அவளுக்கு இன்னும் நேற்று. அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்பு யன்னல். அதற்கு வெளியே ஏதோ விசிலடித்துக்கொண்டே இருக்கும். சின்னத் தவளைகள் என்றாள். நான் வாடிக்கையாளர்களோடு பேசுவதை அவள் ஹெட்செட்டில் கேட்பாள். கண்ணை அசைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தான் பேசிக் காட்டுவாள். முதலில் என் சொற்கள் வந்தன. பிறகு என் செருமல் வந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நான் “ம்ம்” என்பேனாம். அதுவும் வந்தது.

வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லும்போது நான் “ஐ வில் கோ அண்ட் கம்” என்பேன். எங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று “போறன்” என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் திரும்பி வராமல் போய்விடுவார்கள் என்று பயம். போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வோம். அதையே இத்தனை காலமாக ஆங்கிலத்திலும் சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அதைக் கம்பெனி விதி என்று நினைத்துவிட்டாள். பாடம் முடிந்ததும் நான் பழக்கதோஷத்தில் தமிழிலேயே “போட்டு வாறன்” என்று சொல்லித் திரையை மூடுவேன். அதையும் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்லுவாள். முதலில் சிரிப்பாக இருந்தது.

ஒருநாள் காய்ச்சலில் லீவு எடுத்தேன். மறுநாள் மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

“லீவுன்னு சொல்லிட்டு நேத்து எதுக்குக் கால் எடுத்தீங்க?”

“நான் கட்டிலை விட்டு எழும்பவே இல்லை.”

“ரெக்கார்டிங் கேட்டேனே.”

போட்டுக் காட்டினார். செருமல், “ம்ம்”, “ஐ வில் கோ அண்ட் கம்”. என் வாழ்நாளில் அந்த வாடிக்கையாளரோடு நான் பேசியதில்லை. ஆனால் அங்கே பேசியது நான். பின்னால் மெல்லிய தவளை விசில் ஒன்று கேட்டபோதுதான், பேசியது அந்தப் பிள்ளை என்று இருவருக்கும் விளங்கியது. மேனேஜர் சந்தோஷத்தில் கைதட்டினார். நான் ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொன்னேன்.

அந்த ட்ரெய்னர் வேலை கிடைத்ததா என்றால், கிடைத்தது. அவளுக்கு. “அவங்களே அங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க, மேல முடிவு பண்ணிட்டாங்க” என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல். ஆத்திரத்தில் என் ஹெட்செட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களில் ஆலங்கட்டி மழை பெய்து எங்கள் காரின் கண்ணாடி உடைந்தது. காப்புறுதி அதே கம்பெனியில்தான். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். கணவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு செருமல். பிறகு என் குரல் எனக்கு வணக்கம் சொன்னது.

“நீதானே அம்மா?” என்று ஆங்கிலத்தில் கேட்டு, என்னை யாரென்றும் சொன்னேன்.

இல்லையாம். இவள் வேறொருத்தி. அவள் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளாம். இன்னும் நிறையப் பேர் அந்த அறையில் இருக்கிறார்களாம். என்னை இவளுக்குத் தெரியாது. “ம்ம்” என்று மூச்சை உள்ளே இழுத்தாள். விவரங்களைப் பதிந்துகொண்டாள். தவளைகள் விசிலடித்தன. கடைசியில், அர்த்தம் தெரியாமல், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், என் குரலில் சொன்னாள்:

“போட்டு வாறன்.”

குசினியில் குழாய் நின்றது.

“ஓம், போட்டு வாரும்” என்றார் கணவர், திரும்பிப் பார்க்காமல். “வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாரும்.”

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. வாயையும் திறக்கவில்லை.