சந்தனம் பூசிய சோலார் சார்ஜர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சோலார் சார்ஜர் வாங்கலாமா என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த நான், இன்று அதில் நிபுணனாக நடித்தேன்.

போளூரிலிருந்து மலையேறும் ஷேர் ஜீப்பில், பக்கத்து சீட் அக்கா அப்படி ஒன்றை மடியில் வைத்துப் புலம்பினார்.

"போன் செத்துப்போச்சுங்க. இது ஏத்தவே மாட்டேங்குது. திருப்பூர்ல பொண்ண ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க. இப்ப கூப்ட்டா இன்னா பண்றது?"

பார்த்தால், புதுப்பொருள் என்று பூஜை போட்டு, பேனல் முழுக்கச் சந்தனம்.

"வெயில் எப்டிக்கா உள்ள போவும்?" என்று துடைத்து, வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே பிடித்தேன்.

மேலே போனதும் அவர் போன் அடித்தது. பேத்தி பிறந்திருக்கிறாள். அக்கா அழுதார், ஜீப்பே சிரித்தது.

அங்கேயே எனக்கும் ஒன்று ஆர்டர் போட்டேன். சந்தேகம் உள்ளவர்கள் என்னிடம் கேட்கலாம்.

இறங்கும்போது டிரைவர் சொன்னார்: "நீங்க கைய நீட்டிக்னு வந்தப்பவே அக்காவோட போனை வாங்கி வண்டி சார்ஜர்ல போட்டுட்டேன் சார்."