துருசுச் சக்கரத்தில் ஒரு துவாய்

நான் கணக்கு ரீச்சர். பேய், முனி எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினா எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவன், இப்பவும் அப்பிடித்தான். அதால நான் சொல்லுறதை நீங்கள் நம்பாட்டிலும் எனக்குக் கோவம் வராது, ஆனா நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளில, கலியாணம் முடிச்ச புதுசு. இவருக்கு வட்டக்கச்சியில காணி கிடைச்சிருந்தது. நான் பள்ளிக்கூட விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலயிருந்து முதல்தரம் வாறன், இவருக்கு எனக்குப் புதினம் காட்டுற ஆசை. குளத்துத் துருசு, அதுதான் தண்ணி திறக்கிற கதவு, அதால வாற வாய்க்கால் ஒரு இடத்தில மேட்டுக்குக் கீழால பழைய கல்லுச் சுரங்கத்துக்குள்ள போகும். துருசு பூட்டியிருந்தா இடுப்பளவு தண்ணிதான், சின்ன வள்ளத்தில மற்றப் பக்கம் போகலாம். திறந்தா முகடு முட்டப் பாயும்.

வள்ளத்தை இறக்கிக்கொண்டு, "இந்தத் துவாயைத் துருசுச் சக்கரத்தில கட்டிப்போட்டு வாரும்" எண்டார். தலை துவட்டக் கொண்டந்த, நீலக்கரை போட்ட புதுத் துவாய். மரத்தில சீலை கட்டுற நேர்த்தி மாதிரி ஏதோ எண்டு நினைச்சன், படிச்ச மனுசன் இப்பிடியுமோ எண்டு சிரிப்பும் வந்தது. நல்ல துவாயை ஏன் வெய்யிலில விடுவான் எண்டு பைக்குள்ள வைச்சிட்டு வந்து ஏறினனான்.

உள்ளுக்கு நல்ல குளிர், வௌவால் நாத்தம். லாம்பு வெளிச்சத்தில கல்லில கிடந்த உளி அடையாளங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன், அவ்வளவு வடிவு. அரைவாசித் தூரம் போயிருப்பம், இவர் சும்மா கதையோட கதையாச் சொல்லுறார்: "துவாய் கிடந்தா உள்ளுக்கு ஆள் எண்டு துருசுக்காரர் திறக்க மாட்டார். இல்லாட்டி பத்து மணிக்குத் திறந்திடுவார்."

மணிக்கூட்டைப் பார்த்தன். பத்து அஞ்சு.

பையைத் திறந்து துவாயைக் காட்டினன். வள்ளத்தைத் திருப்ப இடமில்லை, ரெண்டு பேரும் சுவரைக் கையால தள்ளித் தள்ளிப் போறம். என்ர விசர்ப் புத்தியால இந்த மனுசனைக் கொல்லப்போறன் எண்டு அழுது அழுது தள்ளினன். தண்ணி வரேல்லை.

வெளியில ஏறி மேட்டால திரும்பத் துருசடிக்கு ஓடினம். துருசுக்காரர் சுருட்டோட குந்தியிருக்கிறார்.

"என்ன தம்பி, ஆறுதலா வாறியள்? உங்கட துவாய் கிடக்குது எண்டு நான் திறக்காமல் காவல் இருக்கிறன்."

சக்கரத்தில ஒரு துவாய் கட்டிக் கிடந்தது. எங்கட மாதிரியே நீலக்கரை, ஆனா எத்தினையோ வருசம் தோய்ச்சு நரைச்சது, ஒரு மூலை கிழிஞ்சிருந்தது. மழையில்லாத நாள், அது நனைஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது. இவர் அவிழ்க்கப் பார்த்தார், ஏலேல்லை. நான் ஒரு இழுவை இழுத்தன், வந்திட்டுது. நான் இடக்கைக்காரி, என்ர முடிச்சு மற்ற ஆக்களுக்கு லேசில அவிழாது. கல்லில விரிச்சுப்போட்டு வந்தம், பின்னேரம் போய்ப் பார்க்க அது அங்க இல்லை.

அதுக்குப் பிறகு இவரோட நாற்பது வருசம் வாழ்ந்தன். நம்பினா நம்புங்கோ, எங்கட துவாய் இவ்வளவு காலமும் அலுமாரிக்குள்ள கிடந்தது, அதே மாதிரி நரைச்சுப் போச்சு. மூலை மட்டும் நல்லா இருந்தது, போன கிழமை அலுமாரிக் கதவில கொளுவி அதுவும் கிழிஞ்சிட்டுது. எப்ப, எப்பிடிப் போய் அந்தச் சக்கரத்தில கட்டுறதெண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா தோய்ச்சு மடிச்சு, கைப்பைக்குள்ள வைச்சிருக்கிறன்.