புடவைக்கு ஒரு கையெழுத்து

போன வாரம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்... தம்பி எடுத்துக் கொடுத்த புதுப் புடவையோடு.

எங்கள் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே? அப்பா வழி நிலத்தில் பங்கு வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுப்பாள். தம்பி புடவை எடுத்துக் கொடுப்பான். விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை? நான் கேட்டதில்லை.

நான் இருப்பதோ வாடகை வீடு. ஆனாலும் கேட்கக் கூச்சம். பெண்களுக்குத் துணிச்சல் வேண்டும் என்று இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறேனே — அது பேனாவின் துணிச்சல்!

பக்கத்து ஸீட்டில் ஒரு வக்கீல் பெண்.

"புதுப் புடவையா இருக்கே, என்னம்மா விசேஷம்?"

சொன்னேன்.

"பொறந்தப்பவே ஒங்களுக்கும் பங்கு உண்டும்மா!"

"அது ஆம்பளப் புள்ளைங்களுக்குத்தானே?"

"அப்புடித்தான் விஞ்ஞானேஸ்வரர்னு ஒருத்தர் சாஸ்திரத்துல எழுதி வச்சாரு. சாளுக்கிய ராஜா காலம், தொள்ளாயிரம் வருஷம் ஆச்சு. வெள்ளக்காரன் கோர்ட்டும் அதையே புடிச்சிக்கிச்சு. இப்பதான் சட்டத்துல மகளையும் சேத்துருக்காங்க."

பங்கு தரவில்லை என்று இத்தனை வருஷமாக அப்பாவையல்லவா மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்... ஆள் மாறிவிட்டதே!

"பொம்பளைக்கு அந்த விஞ்ஞானேஸ்வரரு ஒண்ணுமே வைக்கலியா?"

"வச்சாரே! கூடப் பொறந்தவன் குடுத்த பொருளு அவளுக்கே சொந்தம்னாரு."

சிதம்பரம் பத்திர ஆபீஸில் தம்பி பேனாவை நீட்டினான்.

"இங்க ஒண்ணு போடுக்கா. மழ வருது."

எழுதுகிறவள்தான் நான்; ஆனாலும் பத்திரம் என்றால் காட்டிய இடத்தில் போட்டே பழக்கம். பங்கு வேணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கண்ணாடி எடுத்தார மறந்துட்டேன் தம்பி."

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"அப்ப மூக்கு மேல இருக்கறது என்னக்கா?"

பத்திரம் எழுதுகிறவர்கூடச் சிரித்துவிட்டார்.

"இது... படிக்கறதுக்கு. படிச்சிட்டேன். அதான் கையெழுத்துப் போடல. எனக்கும் ஒரு மூலையாச்சும் வேணும்பா."

சொல்லிவிட்டேன்! தம்பி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன? புடவையாச்சும் எடுக்காம இருந்துருப்பேன்ல?"

நிலத்தை அளந்து பிரிக்க இன்னும் எத்தனை நாளாகுமோ... ஆனால் புடவையை நான் திருப்பித் தருவதாக இல்லை. தம்பி கொடுத்தது எனக்கே சொந்தம் என்று அந்தப் பெரியவரே எழுதி வைத்திருக்கிறாரே!