நாலு அரைப்பேர் கிட்டார்கள்

எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் உரச்சாக்குகள் சாய்ந்து நிற்கும். உள்ளே உரம் இல்லை, கிட்டார். சாக்கை வெட்டி, வாயில் நாடா கோத்து, நீல நூலால் கிட்டாருக்கு உறை தைத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ‘யூரியா’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி தைத்திருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வரவில்லை. நான்கு சாக்குகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் முதன்முதலாக ஒரு கலியாண வீட்டுக்குள் நுழைந்தபோது, பந்தல் வாசலில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா எங்களை மேலும் கீழும் பார்த்தார். “ஒரம் போடுறது அடுத்த மாசந்தானப்பா, இப்பவே கொண்டாந்துட்டீங்க?” என்றார். சனம் சிரித்தது. அன்றிலிருந்து யட்டியாந்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எங்களுக்கு ‘யூரியா குரூப்’ என்றுதான் பெயர். வேறு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தோம். அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு பேருக்கு எதற்கு நான்கு கிட்டார் என்று கேட்காதவர்கள் இல்லை. வசதியான ஆட்கள் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், நான்கில் ஒன்றுகூட ஒழுங்கான கிட்டார் இல்லை. முதலாவதன் தண்டு வளைந்து போனது. தண்டின் தலைப்பக்கம் மூன்று கட்டம் வரைக்கும் வாசிக்கலாம், அதற்குக் கீழே போனால் விரல் கிழியும். இரண்டாவதில் தடித்த கம்பியின் சாவி பிடிக்காது. முறுக்க முறுக்க அது தன்பாட்டில் அவிழும். மூன்றாவது வயிற்றில் வெடித்தது. அதை மச்சான் றப்பர் பால் ஊற்றி ஒட்டியதில் வெடிப்பு மூடிக்கொண்டது, கூடவே சத்தமும் மூடிக்கொண்டது. தட்டினால் பலகைப் பெட்டியைத் தட்டுவது போல ‘டொக்’ என்று கேட்கும். நான்காவது, மச்சானின் கறுப்புக் கிட்டார், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டாவது பாட்டிலேயே சுதி இறங்கிவிடும். ஆகவே பாட்டுக்கு ஏற்ப கிட்டாரை மாற்றி மாற்றி எடுப்போம். பார்ப்பவர்களுக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

மச்சான் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். நான் ஸ்டோரில் பால் நிறுப்பவன். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’, அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். கொண்டுவரும் பால் குறைந்தால் அரைப்பேர்தான். ஒருநாள் அவருடைய வாளியை நான் நிறுத்தபோது பால் குறைந்துவிட்டது. தராசு சொன்னதை நான் சொன்னேன். கணக்கப்பிள்ளை அரைப்பேர் எழுதினார். மச்சான் வெறும் வாளியோடு நின்று, ஸ்டோரே கேட்கும்படி, “என் தங்கச்சியவே ஒனக்கு முழுசாக் குடுத்தேன், நீ எனக்கு அரைப்பேரு குடுக்குறியே மாப்ள!” என்றார். அந்த வசனம் மூன்று டிவிஷனுக்கும் பரவியது. அதன் பிறகு எது குறைபட்டாலும் அவருக்கு அது அரைப்பேர்தான். உப்பில்லாத குழம்பு அரைப்பேர். பாதியில் மறந்துபோன சாமியாரின் பிரசங்கம் அரைப்பேர். “நம்மகிட்ட இருக்குறது நாலு அரைப்பேரு கிட்டாரு. கூட்டிப் பாத்தா ரெண்டு முழுப்பேரு. நாமளும் ரெண்டு பேரு. பெறகென்ன?” என்பார்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அதுதான் எங்களுக்கு ஒத்திகை நாள். சபரகமுவையில் மழைக்கா பஞ்சம்? லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், ஒரே வாங்கில் ஒட்டி உட்கார்ந்து வாசிப்போம். மச்சான் எப்போதும் என் வலது பக்கம். அவருடைய கிட்டாரின் தலை என் பக்கம் நீண்டிருக்கும். தாளம் சூடு பிடித்ததும் அது என் விலாவில் குத்தும். தள்ளி உட்காருங்கள் என்றால், “தாளம் தப்புறப்பதான் குத்துறேன், நீயா திருந்து” என்பார். மாதா கோயில் பூசைக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற அதே நாலு கோட்தான் வாசித்தோம். மாதாவும் கோபிக்கவில்லை, மாரியம்மனும் கோபிக்கவில்லை. விலா மட்டும் வலித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, மலைக்குக் கிளம்பியவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். கால் திரும்பி வந்தது. கை வந்தும் வராமலும் வந்தது: தோளும் முழங்கையும் அசையும், விரல்கள் மட்டும் சொல் கேட்காது. கிட்டாரில் கோட் பிடிப்பதே அந்த இடது கை விரல்கள்தான். கட்டிலில் படுத்தபடி அவற்றைப் பார்த்து, “இதுவும் அரைப்பேருதான் மாப்ள” என்றார். நான் சிரித்தேன். பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்குச் சிரிக்கக் கூடாத நேரம் தெரிவதில்லை. பிறகு அவர் தெரணியகலையில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது கறுப்புக் கிட்டாரை மட்டும், சுவரில் மாட்டி வைக்க என்று, சாக்கோடு எடுத்துப் போனார். யூரியா குரூப்பில் நான் தனியாள் ஆனேன்.

இப்படி இருக்கையில்தான் யட்டியாந்தோட்டை பஜாரில் அந்தக் கிட்டாரைக் கண்டேன். கடைக்கார முதலாளி சிங்களவர், பழைய வாத்தியங்களை வாங்கிச் சரிபண்ணி விற்பவர். மூலையில் தொங்கியதை எடுத்து என் கையில் தந்தார். ஒரு கோட் பிடித்தேன். எல்லாக் கம்பியும் ஒருமிக்கச் சத்தம் போட்டன. இத்தனை வருடமாக என் வாசிப்பில் இருந்த பிழை என்னுடையதல்ல, கிட்டாருடையது என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. சரி, பாதிப் பிழை. எங்கள் நாலு கிட்டாரையும் கலியாண வீடுகளில் கண்டிருந்த முதலாளி சொன்னது சுருக்கம்: உன்னிடம் இருக்கும் நாலையும் கொண்டு வா, கொஞ்சம் காசு மேலே போட்டு இதை எடுத்துக்கொள். நாலையும் கழற்றி இரண்டு முழுக் கிட்டார் செய்து விற்பாராம். மச்சானின் கணக்கேதான்! மூன்று போதாதா என்றேன். போதாது, கறுப்பின் தண்டு நேரானது, அது இல்லாமல் வேலை ஆகாது. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், இன்னொரு குரூப்காரனும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றார்.

அந்த வாரம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிய்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம். கறுப்பைக் கேட்பது என்றால், இனிமேல் நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று மச்சானின் முகத்துக்கு நேரே சொல்வதுதான். கேட்காமல் விட்டால், சாகும்வரை நான் ‘டொக்’ தான். மனைவியிடம் கேட்டேன். “இங்கேருங்க, வீட்டக் கூட்ட எடமில்லாம நாலு சாக்கு கெடந்திச்சி. அதுல ஒண்ணு போயி இப்பத்தான் வாரியக்கட்டு உள்ள போகுது. நீங்க என்னமும் பண்ணுங்க, அண்ணன் மனசு மட்டும் நோகக் கூடாது” என்றாள். எல்லாம் செய்யலாம், எதுவும் செய்யக் கூடாது. நல்ல ஆலோசனை.

கடைசியில் போனை எடுத்தேன்.

“மச்சான், பழசையெல்லாம் குடுத்துட்டு நல்லதா ஒண்ணு எடுத்துறலாமான்னு பாக்குறேன்.”

“எடு.”

“ஒங்க கறுப்பும் வேணுமாம்.”

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு தடவை விசிலடித்தது.

“ஒன் இஷ்டம் மாப்ள.”

உலகத்தில் மனிதனை எரிச்சலூட்ட எத்தனையோ வார்த்தைகள் உண்டு. ‘ஒன் இஷ்டம்’ என்பதற்கு ஈடில்லை. ஆம் என்றால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லை என்றால் கோபித்துக்கொண்டு கிடக்கலாம். இது இரண்டுமில்லை, பாரத்தை அப்படியே நம் தலையில் வைத்துவிட்டு, சுமக்கும் அழகைத் தூரத்தில் நின்று பார்ப்பது. மறுநாளும் எடுத்துக் கேட்டேன். அதே பதில். மூன்றாம் நாள் நான் வாய் திறக்கும் முன்பே, “அதான் சொல்லிட்டேனே” என்றார். வெள்ளிக்கிழமை வேலை விட்டு, கோபத்தோடேயே பஸ் ஏறித் தெரணியகலைக்குப் போனேன். மச்சான் வாசலில் நின்றார். சாக்கு தயாராக, வாய் இறுக்கிக் கட்டி, சுவரில் சாய்ந்திருந்தது. “டீ குடிச்சிட்டுப் போ” என்றார். குடித்தேன். சாக்கைத் தூக்கினேன். திறந்து பார்க்கவில்லை. இருபது வருடம் பார்த்த கிட்டாரில் புதிதாக என்ன பார்க்க இருக்கிறது?

சனிக்கிழமை நாலு சாக்கோடும் பஜாருக்குப் போனேன். முதலாளி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வளைந்த தண்டுக்குத் தலையாட்டினார். றப்பர் ஒட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். கறுப்பை எடுத்ததும் அவருடைய முகம் மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன். கம்பிகள் தலைகீழாக இருந்தன. தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லியது, மெல்லியதன் இடத்தில் தடித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அந்தாளுக்கு நோய் வந்த பிறகு கொஞ்சம் தடுமாற்றம், கம்பியை மாற்றிப் போட்டுவிட்டார்” என்று சிங்களத்தில் சமாளித்தேன். முதலாளி கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, தண்டு வலப்பக்கம் நீளும்படி மடியில் வைத்து, இடது கையால் ஒரு இழுப்பு இழுத்தார்.

சுதி சுத்தமாக இருந்தது. இரண்டாவது பாட்டுக்குத் தாங்காத கறுப்பு!

“மேக்க வம் அத்தே எக்கக் நே, மல்லி” என்றார் முதலாளி. இது இடதுகைக் கிட்டார் அல்லவா, தம்பி. தண்டின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டையைக் காட்டினார். தடித்த கம்பிக்கு எதிர்ப்பக்கத்தில் புதுப் பள்ளம் வெட்டியிருந்தது. ஆழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த கை அது. பால் வெட்டுகிற கை. மச்சானுக்கு வலது கை விரல்கள் நன்றாக இருக்கின்றன. கோட்களை வலது கையால் பிடித்து, அசைகிற அளவுக்கு இடது கையால் தட்டினால் போதும். அதற்காகத்தான் கிட்டாரையே திருப்பியிருக்கிறார். முழங்காலிடையே இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால். நானோ தடுமாற்றம் என்று அன்னியனிடம் விளக்கம் சொல்கிறேன். இருபது வருடக் கிட்டார்க்காரன்!

மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். முதலாளி நல்ல மனிதர், ஆனால் கடைக்காரர். நாலு என்றால் நாலு. புதுக் கிட்டார் மூலைக்குத் திரும்பியது. நான் நாலு சாக்கையும் கட்டிக்கொண்டு மறுபடி தெரணியகலைக்குப் பஸ் ஏறினேன். “உரமா?” என்று கண்டக்டர் கேட்டான். ஆமாம் என்றேன். சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை.

மச்சானைக் கண்டதும் கத்தினேன்.

“கம்பிய மாத்திப் போட்டு வாசிக்கிறீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“நீ கேக்கலியே.”

“மூணு நாளாப் போன் பண்ணிக் கேட்டேனே மச்சான்!”

“நீ எங்க கேட்ட? ‘குடுத்துறலாமா’ன்னுதான கேட்ட. அது ஒன் இஷ்டந்தான.” பிறகு என் தோளில் தொங்கிய சாக்குகளை எண்ணினார். “நாலுமே இருக்கு. அப்ப புதுசு எடுக்கலியா?”

“இல்ல.”

“மடப்பயலே. எத்தன காலத்துக்கு அந்த டொக்க வச்சித் தட்டிக்கிட்டிருப்ப? ஒனக்காகத்தான்டா குடுத்தேன்” என்றார். கோபம் உண்மையான கோபம். எனக்கும்தான். கடைசியில் நான்தான், எத்தனை கோட் வருகிறது என்று கேட்டேன்.

“ஒண்ணர. ஒண்ணு முழுசு. மத்தது அரைப்பேரு.”

அந்த நல்ல கிட்டாரை இன்னொரு குரூப்காரன் எடுத்துக்கொண்டான். போன மாதம் ஒரு கலியாணத்தில் அவன் வாசிக்கக் கேட்டேன். எல்லாக் கம்பியும் ஒருமிக்கச் சத்தம் போட்டன. பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருந்தன்மையாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் இது, வரவில்லை. இன்றைக்கும் பஜாருக்குப் போனால் அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கம் நடக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ‘டொக்’கைத் தூக்கிக்கொண்டு தெரணியகலைக்குப் போகிறேன். மகள் வீட்டுச் சமையலறையில்தான் எங்களுக்கு இடம். மச்சான் வழமைபோல என் வலது பக்கம் உட்காருகிறார். அவர் முதல் கோட்டிலிருந்து இரண்டாவதற்கு வருவதற்குள் நான் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் என் விலாவில் குத்து இல்லை. கிட்டார் திரும்பிவிட்டதால் அதன் தலை இப்போது அந்தப் பக்கம் நீண்டு, மகளின் புது ஃபிரிட்ஜில் குத்துகிறது. போன வாரம் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. “அப்பா! பெயின்ட் போகுது!” என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

மச்சான் வாசிப்பை நிறுத்தினார். கீழே கிடந்த சாக்கை வலது கையால் எடுத்து உதறி, ஃபிரிட்ஜின் மேல் போர்த்தினார். ‘யூரியா’ வெளிப்பக்கம் தெரியும்படிதான்.