எங்கள் ஆட்டம் எதிரணிக்கு எப்படித் தெரிந்தது?

2016ஆம் ஆண்டு குளிர்காலம். ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதிக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே காலேஜ் என்றால் பல்கலைக்கழகம் இல்லை, உயர்தர வகுப்பு வரை உள்ள பாடசாலைதான். அங்கே பெண்கள் ரக்பி அணியில் சேர்ந்திருந்தாள். மன்னாரில் வலைப்பந்துகூட ஒழுங்காக ஆடத் தெரியாத எனக்குப் பிறந்தவள், சனிக்கிழமைகளில் உடம்பெல்லாம் சேற்றோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

அவள் போட்டிருந்தது பத்தாம் எண் சட்டை. அந்த எண்காரிதான் அணியின் மூளை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. பந்து அவள் கைக்கு வரும்போது மூன்று வழிகள் உண்டு. இடப்பக்கம் எறியலாம், வலப்பக்கம் எறியலாம், அல்லது எதிரணிக்குப் பின்னால் விழும்படி உயர உதைக்கலாம். எது என்பதை அவள்தான் முன்கூட்டியே கத்திச் சொல்ல வேண்டும். எதிராளிகளுக்குப் புரியக்கூடாது என்பதற்காகச் சாப்பாட்டுப் பெயர்களை வைத்திருந்தார்கள். ‘பை’ என்றால் இடம், ‘சிப்ஸ்’ என்றால் வலம், ‘கேக்’ என்றால் உதை.

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகராக வேலை செய்தேன். எதையும் அட்டவணை போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான். ஆட்டங்களை வீடியோ எடுக்க ஒரு பெற்றோர் வேண்டும் என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டபோது நானே கை உயர்த்தினேன். அவர் அந்தப் பாடசாலையின் உடற்பயிற்சி ஆசிரியர். வீடியோ மட்டும் போதும் என்றார். நான் அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாக்குதலையும் எழுதுவேன். என்ன பெயரைக் கத்தினார்கள், பந்து எங்கே போனது, எத்தனை அடி முன்னேறினார்கள், எங்கே மறிக்கப்பட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும்.

முதல் மூன்று ஆட்டங்களில் வென்றார்கள். அடுத்த நான்கிலும் தோற்றார்கள். அட்டவணைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் இடப்பக்கம் எறியும்போதெல்லாம் எதிரணி பந்து கிளம்புவதற்கு முன்பே இடப்பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. உதைக்கும்போதெல்லாம் பின்னால் ஒருத்தி தயாராக நின்றாள். ஒருநாள் நடந்தால் தற்செயல் எனலாம். நான்கு வெவ்வேறு பாடசாலைகள், நான்கு சனிக்கிழமைகள். யாரோ எங்கள் இரகசியச் சொற்களை வெளியே சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

யார் என்று தேட எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அணிக்கு ஓர் உதவிப் பயிற்சியாளர் இருந்தார். டொங்காத் தீவுகளிலிருந்து வந்தவர், பஸ் சாரதி. முன்பு தன் மூத்த மகள் அந்த அணியில் ஆடியதால் சம்பளம் இல்லாமல் வந்து உதவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து பஸ் சாரதிச் சீருடையோடே பயிற்சிக்கு வருவார். பெரிய உருவம், கொஞ்சப் பேச்சு. ஒவ்வொரு சனியும் ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக எதிரணிப் பக்கம் நடந்து போவதை நான் கவனித்தேன். அவர்களுடைய பயிற்சியாளரோடு தலையைச் சாய்த்துப் பேசுவார், சிரிப்பார், பின் சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதுவார். ஒருமுறை கமராவைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் போனபோது அந்தப் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். மூடிவிட்டு வானத்தைப் பார்த்து, மழை வரும்போல என்றார்.

அன்றிலிருந்து நான் ஆட்டத்தைப் படம் பிடித்ததைவிட அவரைக் கண்காணித்ததுதான் அதிகம். எப்போது எல்லைக்கோட்டை விட்டு நகர்கிறார், யாருக்குக் கையசைக்கிறார் என்று என் அட்டவணையில் அவருக்கும் ஒரு நிரல் போட்டேன். தலைமைப் பயிற்சியாளரும் எதிரணியினரோடு கைகுலுக்கிப் பேசத்தான் செய்தார். அது எனக்கு ஒரு தடவையும் கண்ணில் குத்தவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே, “இஞ்சேரும், இது பிள்ளையளின்ர விளையாட்டு. அந்த மனுசன் தன்ர நேரத்தைச் செலவழிச்சு வாறார். நீர் அவரோடயே ஒருக்காக் கேட்டால் என்ன?” என்றார்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரா என்று நான் கோபப்பட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்து மகளைக் கூட்டிவரப் போனேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் அவளும் அவரும் மட்டும் நின்றார்கள். அவர் மெதுவாக ஏதோ சொல்ல, அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். காரில் ஏறியவளின் கண் சிவந்திருந்தது. அவர் என்ன கதைத்தார் என்று கேட்டேன். “நத்திங், அம்மா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வியாழனும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றார்கள்.

பெண்பிள்ளையைப் பெற்றவளுக்கு அதற்குமேல் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. இரகசியச் சொற்களை மறந்துவிட்டேன். என் பிள்ளையை இந்த மனிதர் ஏதோ சொல்லி மிரட்டுகிறார், அவளுக்கு உண்மை தெரிந்துவிட்டது, அதனால் வாயை அடைக்கிறார் என்று ஒரு கதையே கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பாடசாலைக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஆட்ட முறை வெளியே போகிறது, இன்னார்மேல் சந்தேகம், அவர் என் மகளோடு தனியாகக் கதைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை என்று எழுதி, அட்டவணைகளையும் இணைத்தேன். எழுதிய எதுவும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாடசாலை உடனே நடவடிக்கை எடுத்தது. இப்படி ஒரு முறைப்பாடு வந்தால் எடுக்கத்தான் வேண்டும். விசாரிக்கும்வரை மைதானத்துக்கு வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். மகளையும் அழைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் அங்கே என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. இனி ஆட்டம் மாறும் என்று நிம்மதியாகக் கமராவை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் அந்தப் பருவத்திலேயே மோசமான தோல்வி. எதிரணி பழையபடி எங்கள் பந்துக்கு முன்னால் ஓடியது.

ஞாயிறு பிற்பகல் மறுபடி வீடியோவைப் போட்டேன். சொல்லிக்கொடுக்க அவர் இல்லாதபோதும் இப்படியென்றால் அவர்கள் எதைப் பார்த்து ஓடுகிறார்கள்? அதுவரை எல்லா வீடியோவிலும் என் கண் பந்தையும் எதிரணியையும்தான் தொடர்ந்திருந்தது. அன்றுதான் பந்து வருவதற்கு முந்திய நொடிகளில் என் மகளை மட்டும் பார்த்தேன். இடப்பக்கம் எறியப் போகும்போது அவள் வலக்கையைக் காற்சட்டையில் ஒருமுறை துடைத்தாள். உதைக்கப் போகும்போது குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள். வலப்பக்கம் என்றால் இரண்டும் இல்லை. நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, இன்னொரு ஆட்டத்தைப் போட்டேன். அதிலும் அப்படித்தான். மற்றதிலும் அப்படித்தான். வெறும் கண்ணால் பார்க்கிற யாருக்கும் தெரியும். எனக்குத்தான் இத்தனை கிழமையாகத் தெரியவில்லை.

மகள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் வெடிப்பாள் என்று நினைத்தேன். தமிழில்தான் சொன்னாள், சொல் சொல்லாகத் தேடி.

“கோச் எப்பவோ கண்டுபிடிச்சிட்டார், அம்மா. மற்ற டீம் ஆக்களிட்டயே போய்க் கேட்டவர், எங்களை எப்பிடிப் பிடிக்கிறியள் எண்டு. நான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு கெஞ்சினனான். நீங்கள் சார்ட் போடுவீங்கள் எண்டு பயம்.”

அந்தக் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது அதுதான். என்னைக் கண்டதும் மூடியதும் அதற்காகத்தான். வியாழக்கிழமைகளில் அந்தப் பழக்கத்தை எப்படி விடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். விட முடியாமல் அவள் அழுதிருக்கிறாள்.

அன்றே பாடசாலைக்கு இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். முதலாவதைவிட அது பத்து மடங்கு கடினமாக இருந்தது. திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் பேச முடியாது என்பதால் கடைசித் தரிப்பிடம்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். எல்லோரும் இறங்கியபின் முன்னால் போய், யோசித்து வைத்திருந்ததை எல்லாம் மறந்து, தவறு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பயிற்சிக்கு ஏன் போகவில்லை என்று தன் பெண்பிள்ளைகள் கேட்டபோது காரணத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்றார். அவ்வளவுதான். நான் எழுதிய அந்தச் சொற்களைத் தன் பிள்ளைகள் முன்னால் ஒரு தகப்பன் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு, உங்கள் மகள் கெட்டிக்காரி, அவளைத் திட்டாதீர்கள் என்றார். அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிட்டது, இறங்கினேன்.

விசாரணையை முடித்து, பாடசாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டு மீண்டும் அழைத்தது. இரண்டு கிழமை கழித்து வந்தார். பருவத்தின் கடைசி ஆட்டம். முக்கியமான ஒரு கட்டத்தில் மகள் ‘சிப்ஸ்’ என்று கத்திவிட்டு, வலக்கையை நன்றாகக் காற்சட்டையில் துடைத்தாள். எதிரணி மொத்தமும் இடப்பக்கம் பாய்ந்தது. பந்து வலப்பக்கம் போனது. அங்கே எங்கள் பிள்ளை ஒருத்தி தன்னந்தனியாக ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தாள். விட முடியாத பழக்கத்தை மறைக்காமல், அதையே பொறியாக வைக்கலாம் என்று யோசித்தவர் அவர்தானாம். மகள் ஓடிப்போய் அவருடைய உள்ளங்கையில் அடித்துவிட்டு வந்தாள். நான் எல்லைக்கோட்டின் மறு அந்தத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், மரியாதைக்கு. அதற்குமேல் எங்களுக்குள் என்றைக்கும் பேச்சு வளரவில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களிடம் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அப்படி அழுதவள்தான், பாடசாலை மேலங்கி போட்ட தலைமைப் பயிற்சியாளரை விட்டுவிட்டு, பஸ் சாரதிச் சீருடைக்காரரைத் தேர்ந்தெடுத்துச் சந்தேகப்பட்டேன். என்னிடம் ஆதாரம் இருந்தது என்று வெகுநாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு மனிதரை முன்பே குற்றவாளியாக்கிவிட்டு அதன்பிறகு சேர்த்த எதுவும் ஆதாரம் ஆகாது என்பதை, யார்மீதாவது மனம் சுருங்குகிற ஒவ்வொரு முறையும் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.