அழிக்காமல் விட்ட படங்கள்

நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் பாலாம்பிகை வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்களின் கொலரைச் சரிசெய்வதும் தலைக்குச் சீப்பு எடுத்துக் கொடுப்பதும்தான் முதல் வேலை. பிறகு கமரா கைக்கு வந்தது. இப்போது நாற்பத்து நான்கு. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அவள் முன்னால் வந்து உட்காராத குடும்பம் குறைவு.

போன வருடம் ஹார்ட் டிஸ்க்குகள் நிரம்பி, கணினி அடிக்கடி நின்றுபோனது. பழையதையெல்லாம் அழித்துவிடச் சொன்னார் முதலாளி மஹ்ரூப் நானா. இருபது வருடத்துப் படங்களை யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை என்பது உண்மைதான். அழிப்பதற்கென்றே பாலாம்பிகை முதல் டிஸ்க்கைத் திறந்தாள். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான படங்கள். பாடசாலை டையோடு நின்ற ஒரு பெண்பிள்ளை இன்னொரு டிஸ்க்கில் கல்யாணச் சேலையில் இருந்தாள். வேறொன்றில் பென்ஷன் கடிதத்துக்காக அவளுடைய அப்பா. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

அழிக்கும் முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன் என்று நானாவிடம் கேட்டுக்கொண்டாள். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் படங்கள். ஒரு காலத்தில் கமராவின் தேதி கெட்டிருந்ததால் பல மாதப் படங்கள் ஒரே நாளில் எடுத்தவைபோலக் கிடந்தன. பின்னால் தொங்கிய துணி நீலமா வெள்ளையா, சுவரில் ஈரக்கறை வந்துவிட்டதா என்று பார்த்து வருடத்தைக் கண்டுபிடித்தாள். படத்தின் எண்ணோடு வந்தவர்களின் பெயரும் தோட்டமும் எழுதிய பழைய கொப்பிகள் அலுமாரியில் இருந்தன. அவற்றை வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பிரித்தாள். ஒரே முகங்களைத் தேடிச் சேர்க்கும் மென்பொருளையும் பழகிக்கொண்டாள்.

எட்டாவது மாதம், ஆசிரியர் நியமனத்துக்குப் படம் எடுக்க நிரோஷா என்ற பெண் வந்தாள். வயது இருபத்து மூன்று. படத்தைக் கணினியில் ஏற்றியதும், இந்த முகம் ஏற்கெனவே இருக்கிறது என்று மென்பொருள் காட்டியது. பாலாம்பிகை திறந்து பார்த்தாள். அதே நெற்றி, அதே கண்கள். ஆனால் படம் 2004இல் எடுத்தது. கொப்பியில் ரத்தினம்மா என்று இருந்தது. தோட்டம் நிரோஷா சொன்ன அதே தோட்டம்.

படத்தை வாங்க நிரோஷா மறுநாள் வந்தபோது பாலாம்பிகை கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"ஒங்க அம்மா பேரு ரத்தினம்மாவா?"

நிரோஷா தலையாட்டினாள். அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாராம். போன இடத்தில் நோய் வந்து இறந்துவிட்டார். அடுத்த வருடம் அவர்கள் குடியிருந்த லயத்தில் தீப்பிடித்து எல்லாம் எரிந்தது. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பாலாம்பிகை திரையை அவள் பக்கம் திருப்பினாள். பாஸ்போட்டுக்கு எடுத்த படம். நேராகப் பார்க்கும் இளம்பெண். நிரோஷா கதிரையோடு திரையருகே நகர்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருக்குமா?"

பாஸ்போட் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அந்த நாட்களில் கெட்டுப்போன படங்களையும் யாரும் அழிக்காமல் அப்படியே சேமித்திருந்தார்கள். அதற்கு முந்திய எண்ணைப் பாலாம்பிகை திறந்தாள். மடியில் ஏறிய ஒரு குழந்தையின் கை ரத்தினம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பற்றி இழுக்கிறது. அவள் தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரிக்கிறாள்.

"இது என் கையா?" என்றாள் நிரோஷா. தன் கையைத் திரையருகே கொண்டுபோய், தொடாமல் வைத்திருந்தாள்.

பின்னால் நின்று பார்த்த மஹ்ரூப் நானா தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார். "இத அழிச்சிருந்தா அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்ற நான்," என்று தனக்குள் சொன்னார். அந்த வாரமே கண்டிக்குப் போய்ப் புதிய டிஸ்க் இரண்டு வாங்கி வந்தார்.

விஷயம் தோட்டங்களுக்குப் பரவியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் தாங்கள் தேடும் உறவினரின் பெயரைச் சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள். சிலருக்குப் படம் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை. பிரிக்க இன்னும் நாற்பதாயிரம் படங்கள் கிடக்கின்றன. தெரியாத ஒரு முகம் திரையில் வரும்போதெல்லாம் பாலாம்பிகை மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்தபடி இருக்கிறாள்.